ஃபிளாட் இருந்த இடத்தில் ஒரு கட்டம்

பாட்டு ஷீட்டில் 'பி ஃபிளாட் மைனர் செவன்த்' இருக்க வேண்டிய இடத்தில் பி இருக்கிறது. பக்கத்தில் வெற்றுக் கட்டம் ஒன்று, அதன் பிறகு ஓர் எம், ஓர் ஏழு. வீட்டுக் கணினியில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டை ஒட்டிய ஒரு ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைச் செருகியதும் இப்படி ஆகிவிட்டது. "ஃபான்ட் இல்ல தம்பி" என்று கடைக்காரர் கையை விரிக்கிறார். மறுநாள் காலை ஆராதனை. கிடாருக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று என்று பிரதி எடுத்தாக வேண்டும். கடைசியில் பால்பாயின்ட் பேனாவால் கட்டத்தின் மேலேயே ஃபிளாட் எழுதி ஒப்பேற்றுவார்கள். இப்படி ஒரு சனிக்கிழமையைப் பார்க்காத பாடகர் குழு குறைவு.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

பி ஃபிளாட் மைனர் செவன்த் என்றால் நான்கு சுரங்கள்: பி ஃபிளாட், டி ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட். இவற்றை இசை எழுதும் ஐந்து கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதலாம். அப்படி எழுதினால் எந்த விரல் எந்தக் கட்டையில் விழ வேண்டும் என்பதையும் சேர்த்தே கட்டளையிட்டதாக ஆகிவிடும். கார்ட் குறி அந்த வேலையை வாசிப்பவரிடமே விட்டுவிடுகிறது. வரிக்கு மேலே ஓர் எழுத்தும் இரண்டு குறியும் போதும், மிச்சத்தை அவர் கை பார்த்துக்கொள்ளும். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குட்டிக் குறிக்குள் மூன்று குடும்பங்கள் குடியிருக்கின்றன. ஆங்கில எழுத்து ஒரு குடும்பம், எண் இன்னொன்று, ஃபிளாட், ஷார்ப், டிமினிஷ்டு வட்டம், மேஜர் முக்கோணம் போன்ற இசைக் குறிகள் மூன்றாவது. முதல் இரண்டும் பெரும்பாலான எழுத்துருக்களில் கிடைக்கும். மூன்றாவது குடும்பம் பல எழுத்துருக்களில் இருக்காது. கணினிக்குள் ஒவ்வோர் எழுத்தும் குறியும் ஓர் எண்தான். எழுத்துருவில் வடிவம் இல்லாத எண்ணைக் காட்டச் சொன்னால் கணினி ஒரு கட்டத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

இந்தச் சிக்கலுக்கு நாற்பது வயதாகிறது. அடோபி நிறுவனத்துக்காக கிளியோ ஹகின்ஸ் வடிவமைத்த 'சொனாட்டா' 1986 வாக்கில் வெளிவந்தது. கணினி அச்சுக்கு வந்த முதல் இசை எழுத்துருக்களில் முக்கியமானது அது. இசைக் குறிகளுக்கென்று தனி எண் எதுவும் அப்போது கிடையாது. எனவே விசைப்பலகையில் இருந்த எழுத்துகளின் இருக்கைகளிலேயே இசைக் குறிகளை உட்கார வைத்தார்கள். & குறியைத் தட்டினால் டிரெபிள் கிளெஃப் வரும், சின்ன பியைத் தட்டினால் ஃபிளாட் வரும், ஹேஷைத் தட்டினால் ஷார்ப் வரும். நினைவில் வைக்க எளிது. திரையில் தெரிவது ஃபிளாட் என்றாலும் கோப்புக்குள் கிடப்பது வெறும் சின்ன பி. அந்த எழுத்துரு இல்லாத இடத்துக்குக் கோப்பு போனால் வேஷம் கலைந்துவிடும்.

பின்னால் வந்த கார்ட் எழுத்துருக்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. 'மைனர் செவன்த் ஃபிளாட் ஃபைவ்' முழுவதையும் ஒரே விசையில் வைத்தன. அவை தொலைந்தால் கிடைப்பது பாதியாவது படிக்கக்கூடிய எழுத்தல்ல. சம்பந்தமே இல்லாத ஒற்றைக் கிறுக்கல்.

தமிழில் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு இது பழகிய நோய். பாமினி எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகையை அது இல்லாத கணினியில் திறந்தால் மாப்பிள்ளை பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். பாமினியும் சொனாட்டா செய்த அதே வேலையைத்தான் செய்தது. ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தது. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு விசையமைப்பு என்று இருந்த காலத்தில் டிஸ்கி என்ற பொதுக் குறியீடு வந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டேம், டேப் குறியீடுகள் வந்தன. கடைசியில் 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தன் தரமாக அறிவித்தது. எழுத்துக்கு ஓர் எண், எந்த எழுத்துருவிலும் அதே எண் என்ற ஏற்பாடு நிலைத்தது. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை. அம்மாவின் 'அ' எந்த ஊர்க் கணினியிலும் அதே எண்தான்.

இசைக் குறிகளுக்கும் யூனிகோடில் இடம் உண்டு. ♭ 9837, ♮ 9838, ♯ 9839. இவற்றில் ஷார்ப்பைத் தொலைபேசியில் இருக்கும் ஹேஷ் என்று நினைத்துவிடக் கூடாது. ஹேஷில் படுக்கைக் கோடுகள் நேராக இருக்கும், நிற்கும் கோடுகள் சாயும். ஷார்ப்பில் நிற்கும் கோடுகள் நேர், படுக்கைக் கோடுகள்தான் வலப்பக்கம் ஏறும். ஐந்து கோட்டின் மேல் அச்சிடும்போது ஷார்ப்பின் படுக்கைக் கோடு சாயாமல் இருந்தால் ஸ்டாஃப் கோட்டோடு கலந்து மறைந்துவிடும். கார்ட் குறி கோட்டுக்கு வெளியே இருப்பதால் ஹேஷ் போட்டாலும் வாசிப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மென்பொருள் கோபித்துக்கொள்ளுமா என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். டபுள் ஃபிளாட்டின் எண் 119083. அவ்வளவு தள்ளிக் குடியிருக்கும் குறிகளைப் பழைய மென்பொருள்கள் பல தொடவே தொடாது.

யூனிகோடு இருந்தும் சிக்கல் ஏன் தீரவில்லை? இசை அச்சுக்குத் தேவையான குறிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. யூனிகோடில் இருப்பது அதில் சிறு பங்கு. சிபேலியஸ் என்ற இசை எழுதும் மென்பொருளை உருவாக்கிய லண்டன் குழு 2012இல் கலைக்கப்பட்டபோது அவர்களில் பலர் ஸ்டைன்பெர்க் நிறுவனத்துக்குப் போனார்கள். அங்கே டேனியல் ஸ்ப்ரெட்பரி ஒரு பொது வரிசையைத் தயாரித்து 2013இல் வெளியிட்டார். 'ஸ்மூஃபுல்' என்று அதைக் கூப்பிடுகிறார்கள். யூனிகோடு யாருக்கும் கொடுக்காமல் விட்டிருக்கும் தனிப் பயன்பாட்டுப் பகுதி 57344இல் தொடங்குகிறது. அதில் எந்த எண்ணில் எந்த இசைக் குறி வர வேண்டும் என்று அந்த வரிசை நிர்ணயித்தது. அதற்கு மாதிரியாக 'பிராவுரா' எழுத்துருவை இலவசமாகவே கொடுத்தார்கள். டோரிகோ, மியூஸ்ஸ்கோர் போன்ற இசை மென்பொருள்கள் எல்லாம் இன்று இந்த வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. மியூஸ்ஸ்கோர் 2021இல் கொண்டுவந்த 'லீலண்ட்' எழுத்துருவும் அப்படியே. ஓர் இசை எழுத்துருவை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டால் குறிகள் இடம் மாறாமல் நிற்பது இதனால்தான்.

மியூஸ்ஸ்கோரை இங்கே கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இலவசம் என்பதால் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் கையில் இருப்பது அதுதான். ஒரு நோட்டைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-கே அழுத்தினால் அதன் தலைக்கு மேல் கார்ட் எழுதும் பெட்டி திறக்கும். பெரிய பி, சின்ன பி, எம், ஏழு என்று தட்டிவிட்டு வெளியே வந்தால் சின்ன பி தானாகவே ஃபிளாட்டாக மாறி நிற்கும். அழகுக்காக நடக்கும் மாற்றமல்ல இது. தட்டிய எழுத்தை மென்பொருள் பிரித்துப் படித்திருக்கிறது. வேர்ச் சுரம் எது, வகை எது, ஸ்லாஷுக்குப் பின்னால் பேஸ் சுரம் இருக்கிறதா என்று கண்டுபிடித்துத் தனித்தனியாகச் சேமிக்கிறது. வேர்ச் சுரத்தை அது வைத்துக்கொள்வது எழுத்தாக அல்ல, எண்ணாக. சி என்றால் 14. அதிலிருந்து பஞ்சமம் பஞ்சமமாக ஏறினால் ஜி 15, டி 16, ஏ 17, இ 18, பி 19. இறங்கினால் எஃப் 13, பி ஃபிளாட் 12.

பாடகர் ஒரு கட்டையில் பாட முடியாது, இரண்டு கட்டை வேண்டும் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டை சி, இரண்டு கட்டை டி. ஷீட் முழுவதையும் டிரான்ஸ்போஸ் செய்தால் மென்பொருள் ஒவ்வொரு வேர் எண்ணோடும் 2 கூட்டினால் போதும். பி ஃபிளாட்டின் 12, சியின் 14 ஆகிவிடும். இதே இடத்தில் நம் கட்டைக் கணக்கு காலை வாரிவிடவும் கூடும். ஆறரைக் கட்டை என்று சொன்னால் ஏ ஷார்ப்பும் அதுதான், பி ஃபிளாட்டும் அதுதான். கீபோர்டில் ஒரே கறுப்புக் கட்டை. மென்பொருளுக்கு ஏ ஷார்ப் 24, பி ஃபிளாட் 12. அவசரத்தில் ஏ ஷார்ப் என்று எழுதியவர் 2 கூட்டினால் 26 வரும், அதாவது பி ஷார்ப். ஒலி சிதான். ஆனால் ஷீட்டைப் பார்க்கும் கிடார்க்காரர் முதல் பாட்டிலேயே தலையைச் சொறிவார்.

பழுதைக் கண்டுபிடிக்கவும் இந்த டிரான்ஸ்போஸ்தான் நல்ல கருவி. ஷீட்டை ஒரு பிரதி எடுத்து இரண்டு கட்டைக்கு ஏற்றிப் பார்த்தால், சரியாகப் படிக்கப்பட்ட கார்டுகள் எல்லாம் மாறும். மாறாமல் மரம்போல நிற்பவை மென்பொருளுக்கு விளங்காத வெறும் எழுத்துகள். பழைய கார்ட் எழுத்துருவின் கிறுக்கலாகவோ, கார்ட் பெட்டிக்கு வெளியே சாதாரண டெக்ஸ்டாக அடித்ததாகவோ அவை இருக்கும். அவற்றை அழித்துவிட்டுக் கன்ட்ரோல்-கே வழியாகத் திரும்ப எழுதுவதைத் தவிர வேறு மருந்து இல்லை. டிமினிஷ்டுக்குச் சின்ன ஓ, ஹாஃப் டிமினிஷ்டுக்குப் பூஜ்யம், மேஜர் முக்கோணத்துக்குச் சின்ன டி (t) என்று விசைப்பலகையில் இருப்பதையே அடித்தால் போதும். குறியை மென்பொருள் போட்டுக்கொள்ளும். ஹேஷும் அப்படித்தான், வேர்ச் சுரத்துக்குப் பக்கத்தில் அடித்தால் ஷார்ப்பாகிவிடும். அதற்குக் கோபமெல்லாம் கிடையாது.

எல்லாம் சரியாக மாறுகின்றன, ஆனாலும் ஃபிளாட் மட்டும் கோணலாக, பெரிதாக, பக்கத்து எழுத்தோடு ஒட்டாமல் நிற்கிறது என்றால் அது வேறு பழுது. கார்ட் குறியின் எழுத்தும் எண்ணும் ஓர் எழுத்துருவிலிருந்து வருகின்றன, இசைக் குறி இன்னொன்றிலிருந்து வருகிறது. ஸ்டைலில் போய் எழுத்துக்குத் தனக்குப் பிடித்த ஒரு எழுத்துருவை யாரோ மாற்றியிருப்பார்கள். எழுத்தின் உயரம் மாறியிருக்கும், குறியின் உயரம் மாறியிருக்காது. ஃபார்மட் மெனுவில் ஸ்டைல், அதற்குள் கார்ட் சிம்பல்ஸ் என்று போய் ஸ்டாண்டர்டு அல்லது ஜாஸ் தோற்றத்துக்குத் திரும்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஜாஸ் தோற்றம் கையெழுத்துப் போல வளைந்து வரும். தமிழ்ப் பாட்டு வரிக்கு மேல் அது கொஞ்சம் ஒட்டாமல்தான் இருக்கிறது. ஆனால் மங்கலான வெளிச்சத்தில் தூரத்திலிருந்து படிக்க அதுவே எளிது.

ஜெராக்ஸ் கடைக்கு வருவோம். அங்கே கொண்டுபோக வேண்டியது மியூஸ்ஸ்கோர் கோப்போ வேர்டு கோப்போ அல்ல, பிடிஎஃப். தான் பயன்படுத்திய எழுத்துருக்களின் வடிவங்களைத் தன்னோடு பொதிந்து எடுத்துப்போகக் கூடியது அது. வேர்டில்தான் கொடுத்தாக வேண்டும் என்றால், சேமிக்கும் அமைப்புகளில் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே சேர்க்கும் வசதியை இயக்கிக்கொள்ளலாம். ஆனால் ஷீட்டையே வேர்டில் அடிப்பவர்களின் தலைவலி எழுத்துருவோடு நிற்பதில்லை.

மதுரையில் அந்தத் தலைவலிக்கு நீண்ட பின்னணி உண்டு. அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களுக்கு அதில் முக்கிய இடம் இருந்தது. அந்தக் கீர்த்தனை மரபில் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் இருக்கும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று வரிகள் ஓடும். கார்ட் என்ற பேச்சே அங்கே கிடையாது. ஆர்மோனியத்தின் இடத்துக்குக் கீபோர்டும் கிடாரும் வந்த பிறகு, தலைமுறைகளாகப் பாடிவந்த வரிகளுக்கு மேல் சி, ஜி, ஏ மைனர் என்று ஏறத் தொடங்கின. அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல்கள் கட்டினார். அந்த மாதிரிப் பாடல்களை இன்று வாசிப்பவரும் வரிக்கு மேல் கார்ட் குறித்துக்கொண்டுதான் உட்காருகிறார்.

வேர்டில் அதைச் செய்பவர் மேல் வரியில் ஸ்பேஸ் தட்டித் தட்டி, கீழே 'மா' வரும் இடத்துக்கு நேராக ஜியைக் கொண்டுவந்து நிறுத்துவார். தமிழில் 'ண' பிடிக்கும் அகலத்தில் 'ர' இரண்டு நிற்கும். எழுத்துரு மாறினால் அகலம் மாறும், அகலம் மாறினால் ஜி நகரும். அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கைபேசித் திரையின் அகலத்துக்கு வரி மடங்கி, கார்ட் ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாகப் போய்விடும்.

இதைத் தவிர்க்க வந்ததுதான் கார்ட்புரோ என்ற எழுதும் முறை. கார்டைத் தனி வரியில் வைக்காமல், எந்த அசையில் மாற வேண்டுமோ அந்த அசைக்கு முன்னால் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்துவிடுவார்கள். காட்டும்போது செயலி அதைத் தூக்கி அசையின் தலைக்கு மேல் வைக்கும். எழுத்துரு மாறினாலும் இரண்டும் சேர்ந்தே நகரும். தமிழில் இதற்கு ஒரு கண்ணி உண்டு. 'கொ' என்பது கண்ணுக்கு மூன்று துண்டு, கணினிக்கு இரண்டு எண்: க ஒன்று, ஒகரக் குறி ஒன்று. கர்சரைக் கவனிக்காமல் இரண்டுக்கும் நடுவில் அடைப்புக்குறியைச் செருகினால் 'க' தனியாக நின்றுவிடும். அனாதையான ஒகரக் குறி ஒரு புள்ளி வட்டத்தை அணைத்துக்கொண்டு தெரியும். பழுது பார்க்கப் புதிய எழுத்துரு எதையும் இறக்க வேண்டியதில்லை. அடைப்புக்குறியை எழுத்தின் முழு உருவத்துக்கும் முன்னால் நகர்த்தினால் வட்டம் மறைந்துவிடும்.

மென்பொருள் விட்டு மென்பொருள் போகும்போது என்ன ஆகும் என்ற கேள்வி 2024 ஆகஸ்டில் பலருக்கு அவசரமாக எழுந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாக ஓடிய ஃபினாலே என்ற இசை எழுதும் மென்பொருளை நிறுத்துவதாக மேக்மியூசிக் நிறுவனம் அப்போது அறிவித்தது. பழைய ஷீட்டுகளை வெளியே எடுக்கும் வழி மியூசிக்-எக்ஸ்எம்எல். மைக்கேல் குட் உருவாக்கி 2004இல் முதல் பதிப்பாக வெளியிட்ட கோப்பு வடிவம் அது. பி ஃபிளாட் செவன்த் அதில் 'வேர் பி, மாற்றம் ஒன்று கீழே, வகை டாமினன்ட்' என்று போகிறது. காகிதத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தனியே ஒரு பக்கக் குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். வாங்கும் மென்பொருள் அந்தப் பொருளை எடுத்துத் தன் எழுத்துருவில் வரைந்துகொள்ளும். ஆனால் ஃபினாலேயில் பயனர் தானே வரைந்து வைத்த விசித்திரமான கார்ட் பின்னொட்டுகள் 'மற்றவை' என்ற பொதுப் பையில் விழுந்து, வந்து சேரும்போது வெறும் எழுத்தாக நிற்கும். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

கார்ட் எழுதாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கர்நாடக இசையில் மேல் ஸ்தாயிச் சுரத்தின் தலையில் ஒரு புள்ளி, மந்த்ர ஸ்தாயிக்குக் காலடியில் ஒரு புள்ளி. சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி தெலுங்கு எழுத்தில் இருந்தது. தலைப்புள்ளிக்கு அங்கே வேறு பொருள் கிடையாது. தமிழில் எழுத்தின் தலைக்குப் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து. மேல் ஸ்தாயி ஸவும் 'ஸ்' போலவே இருக்கும், மேல் ஸ்தாயி பவும் 'ப்' போலவே இருக்கும். பாடகர் குழம்பமாட்டார். சுர வரியில் மெய்யெழுத்துக்கு வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

இடம் பார்த்துப் படிக்கும் இந்தப் பழக்கம் ஒத்தக்கடைக்காரர்களுக்குக் கண்ணெதிரே கிடக்கிறது. யானைமலைக் குகைத்தளத்தில் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதே மதுரை வட்டாரத்து மாங்குளத்தில் அதைவிடப் பழையவை இருக்கின்றன. இந்தக் குகைக் கல்வெட்டுகள் தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். மாங்குளம் போன்ற பழைய கல்வெட்டுகளில் மெய்யோடு சேரும் ஒரே கோடு குறில் அகரத்துக்கும் நெடில் ஆகாரத்துக்கும் பொதுவாக நிற்கும். அடுத்து வந்த முறையில் ஒரே எழுத்து மெய்யாகவும் இருக்கும், அகரம் ஏறிய உயிர்மெய்யாகவும் இருக்கும். புள்ளி வந்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது என்பதை ஐராவதம் மகாதேவன் தம் 2003ஆம் ஆண்டு நூலில் விரிவாக வகைப்படுத்தியிருக்கிறார்.

எழுத்தைப் பிரிக்க வந்த புள்ளியும் ஸ்தாயியைக் காட்ட வந்த புள்ளியும் கணினிக்குள் இரண்டு வெவ்வேறு எண்கள். மெய்ப்புள்ளி 3021. எந்த எழுத்தின் தலையிலும் ஏறக்கூடிய பொதுவான மேற்புள்ளி 775, கீழ்ப்புள்ளி 803. 'ஸ', 'ப' வரை 3021ஐ வைத்து ஒப்பேற்றிவிடலாம். 'ரி'க்கு வரும்போது மாட்டிக்கொள்ளும். இகரம் ஏறிய எழுத்துக்கு மெய்ப்புள்ளி கிடையாது என்பதால் சில மென்பொருள்கள் அங்கேயும் ஒரு புள்ளி வட்டத்தை நீட்டுகின்றன. 775ஐ அடித்தால் இலக்கணப்படி சரி. ஆனால் புள்ளி எங்கே உட்கார வேண்டும் என்ற குறிப்பு பல தமிழ் எழுத்துருக்களுக்குள் எழுதப்படவில்லை. எனவே அது 'ரி'யின் கொக்கியில் மோதியோ பக்கத்து எழுத்தின் மேல் சாய்ந்தோ விழுகிறது. பாட்டுப் புத்தகம் தயாரிக்கும் டிடிபிக்காரர்களில் சிலர் புள்ளியைத் தனிப் படமாகவே ஒட்டிவிடுகிறார்கள். புள்ளி சரியாக விழுந்துவிட்டால் காகிதத்தில் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்தச் சுர வரியைக் கணினியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னால் 775 இருந்த இடத்தில் மேல் ஸ்தாயி ஒலிக்கும், 3021 இருந்த இடத்தில் மெய்யெழுத்து என்று தாண்டிப் போகும், படம் ஒட்டிய இடத்தில் மத்திய ஸ்தாயி ரியைத்தான் வாசிக்கும்.